வேலை செய்யாத நாளின் சம்பளம்

தருமபுரிப் பக்கத்தில் சம்பந்தம் பேசும் வீடுகளில் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "சம்பளம் எவ்வளவு?" என்பது முதல் கேள்வி. பதில் வந்த கையோடு, "பர்மனென்ட்டா?" என்பார்கள். கம்பெனியில் கூடுதலாக வாங்குகிறவரைவிட அரசு அலுவலகத்தில் குறைவாக வாங்குகிறவருக்குப் பெண் எளிதாகக் கிடைப்பது இந்த இரண்டாம் கேள்வியால்தான். இதை வெறும் அரசு வேலை மோகம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கும் பெரியவர்கள் சரியான கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பது என் முடிவு. வேலை செய்த நாளுக்கு யார் வேண்டுமானாலும் கூலி தருவார்கள். காய்ச்சலில் படுத்த நாள், மழை பெய்த நாள், பிள்ளை பெற்ற மாதங்கள், அறுபதுக்குப் பின் வரும் ஆண்டுகள் ஆகியவற்றுக்கு யார் தருகிறார்கள் என்று பார்த்தால்தான் ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் உள்ள உண்மையான இடைவெளி தெரியும்.

இந்த ஒப்பீட்டைச் செய்ய தருமபுரி பொருத்தமான இடம். 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரின் தொழிற்சாலைகள் எல்லைக்கு அப்பால் போயின. மாங்காய், தக்காளி, மரவள்ளி, கரும்பு, பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், அரசு அலுவலகங்கள், பள்ளிகள் என்று மிஞ்சியதே மாவட்டத்தின் வேலைச் சந்தை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல், எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. இங்கே பள்ளிப் படிப்பை முடித்த ஒருவருக்கு எதிரே இருக்கும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகலாம். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஓசூர்ப் பக்கம் போகலாம். மேஸ்திரியோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகலாம். தனியார் பள்ளியில் பாடம் எடுக்கலாம். இல்லையேல் இருக்கும் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு இளநிலை உதவியாளரையும் ஒரு கொத்தனாரையும் பக்கத்தில் நிறுத்துவோம். தமிழக அரசின் ஏழாவது ஊதியக் குழு அட்டவணைப்படி இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். கிராம நிர்வாக அலுவலருக்கும் அதுவே. 2025 ஜூலை முதலான 58 விழுக்காடு அகவிலைப்படி 11,310 ரூபாயைச் சேர்த்தால் 30,810. வீட்டு வாடகைப்படி தனி. இதை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 1,027 ரூபாய். பெங்களூரில் வேலை செய்யும் கைதேர்ந்த கொத்தனாரின் கூலியை நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் இருவரும் சமம். "ஆபீசுல உக்காந்து வாங்கறத நான் கரண்டி புடிச்சே வாங்கறேன்" என்று கொத்தனார் சொன்னால் அதில் பொய் இல்லை.

ஆனால் உதவியாளர் 30 நாளும் வேலை செய்யவில்லை. சனி, ஞாயிறு மட்டும் ஆண்டுக்கு 104 நாள். அரசு பொது விடுமுறைப் பட்டியலில் 24 நாள் இருக்கும். வார விடுமுறையில் விழுபவை போக இருபதை ஒட்டி மிஞ்சும். தற்செயல் விடுப்பு 12 நாள், ஈட்டிய விடுப்பு 30 நாள். எல்லாவற்றையும் எடுத்தால் அவர் அலுவலகம் போகும் நாட்கள் ஏறத்தாழ 200. ஆண்டுக்கு 3,69,720 ரூபாய் என்பதை 200-ஆல் வகுத்தால், உழைத்த ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1,850 ரூபாய் வருகிறது. கொத்தனார் 220 நாள் வேலை பார்த்தாலும் 2,20,000 ரூபாய்தான் கிடைக்கும். அதற்குள் பெங்களூரில் தங்கும் செலவு, ஊருக்கு வந்து போகும் பஸ் காசு, மருத்துவச் செலவு எல்லாம் அடக்கம். நாள் கூலியில் 27 ரூபாயாக இருந்த வித்தியாசம் ஆண்டுக் கணக்கில் ஒன்றரை லட்சமாகிவிடுகிறது.

ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில், தொழிலுக்குத் தொழில் கூலி ஏன் வேறுபடுகிறது என்பதற்கு ஐந்து காரணங்களைச் சொல்கிறார். வேலை இனிதா கடினமா என்பது ஒன்று. அதைக் கற்க ஆகும் செலவு, தொடர்ச்சியாகக் கிடைக்குமா என்பது, அதில் உள்ள நம்பிக்கைப் பொறுப்பு, வெற்றி பெறும் வாய்ப்பு ஆகியவை மற்றவை. தொடர்ச்சிக்கு அவர் எடுத்துக்காட்டுவது கொத்தனாரைத்தான். கடும் பனியிலும் மோசமான வானிலையிலும் கொத்தனாருக்கு வேலை இல்லை; ஆகவே வேலை செய்யும் நாளின் கூலி, வேலையில்லாத நாளுக்கும் சேர்த்து ஈடுகட்டும்படி உயர்ந்திருக்கும் என்பது அவர் வாதம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பென்னாகரத்துக் கொத்தனாரிடம் அந்த வாதத்தின் பாதிதான் உண்மையாகிறது. வேலை விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது. ஈடு மட்டும் வந்து சேரவில்லை. ஸ்மித் நினைத்த சந்தையில் கூலி போதாவிட்டால் ஆள் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். இங்கே போக வேறு தொழில் வேண்டுமே. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022-23-இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளரின் சராசரி நாள் கூலி சுமார் 500 ரூபாய். கேரளத்தில் அது 850-ஐ ஒட்டி. நூறு நாள் வேலையின் கூலி இன்னும் கீழே: 2023-24-இல் 294, 2025-26-இல் 336. கீழே இருக்கும் தளம் இவ்வளவு தாழ்ந்திருக்கையில் கொத்தனார் மழை நாளுக்கும் சேர்த்துப் பேரம் பேசுவது நடக்காத காரியம்.

கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களின் நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளிப் பகுதிகளில் கடந்த சில ஆண்டுகளில் எழுந்த மின்னணு, மின்வாகன ஆலைகள் பெண்களைப் பெருமளவில் எடுக்கின்றன. பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அங்கே போய்விடுகிறார்கள். சம்பளச் சீட்டு உண்டு, ஆஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு: தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு. இந்த 0.75 விழுக்காட்டின் மதிப்பு நோய் வரும்போதுதான் தெரியும். நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். கொத்தனாருக்கும் தனியார் கடையில் நிற்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் எட்டாத பாதுகாப்பு இது. தொழிற்சாலைப் பெண்ணின் சம்பளம் குறைவு என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

விடுமுறையிலும் இந்தப் படிநிலை தெரிகிறது. அரசு ஊழியருக்குப் பொது விடுமுறை 24 நாள். தனியார் தொழிற்சாலைக்கு 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தருவது தேசிய, பண்டிகை விடுமுறைகள் சேர்த்து ஒன்பது. கொத்தனாருக்குப் பொங்கலும் சம்பளமில்லாத நாளே. மகப்பேறு விடுப்பு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம், தொழிற்சாலையில் 26 வாரம், சித்தாளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி 18,000 ரூபாய். ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்தடுத்த கட்டிலில் பிள்ளை பெறும் மூன்று பெண்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தொழிற்சாலை வேலையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பெற்றோர் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ஒன்று, பயிற்சியாளர் என்ற பெயர். பயிற்சியாளர் சட்டப்படி எடுக்கப்படுகிறவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் அவருக்குக் கட்டாயமில்லை. 2019-இல் திருத்திய விதிகளில் இந்த உதவித்தொகையின் அடிமட்டம் படிப்பைப் பொறுத்து 5,000 முதல் 9,000 ரூபாய்வரை. ஒரே சீருடையில் ஒரே லைனில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் இருக்கும், மற்றவருக்கு எதுவும் இராது. இரண்டாவது ஓட்டை ஓய்வூதியம். பி.எஃப். பிடித்தம் 12 விழுக்காடு என்று சீட்டில் பெரிதாகத் தெரியும். ஆனால் அதோடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் சம்பளத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. அந்தச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது அதன் சூத்திரம். 35 ஆண்டு தொடர்ந்து உழைத்தால் மாதம் 7,500 ரூபாய். கல்யாணம் வரைக்கும் நான்கைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு நின்றுவிடும் பெண்ணுக்கு இதில் மாத ஓய்வூதியமே வராது. பத்தாண்டுப் பணி வேண்டும். அவர் கையில் எஞ்சுவது சேமிப்புத் தொகையும், ஐந்தாண்டு நிறைவு செய்திருந்தால் பணிக்கொடையும்தான்.

வேலைக்கு வேலை வேறுபாடு இருப்பதை யாரும் ஏற்பார்கள். ஒரே வேலைக்குள் இருக்கும் வேறுபாடுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆசிரியர் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஆறாவது ஊதியக் குழுவைத் தமிழக அரசு நடைமுறைப்படுத்தியபோது, 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய அடிப்படை ஊதியமான 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 ரூபாய் கொடுத்தார்கள். ஜூன் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே கல்வித் தகுதி, ஒரே வகுப்பறை. ஒரு நாள் தள்ளிச் சேர்ந்ததற்கு விலை 3,170 ரூபாய். ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் அடிப்படையின் மேல்தான் ஏறும் என்பதால் அந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று சென்னையில் அவர்கள் திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் இருந்ததன் காரணம் இதுவே. ஓய்வூதியத்திலும் இப்படி ஒரு தேதிக் கோடு உண்டு. 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அதன் பின் சேர்ந்தவருக்குச் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டம் என்று அப்போது வகுத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டதை இன்றைய ஓய்வு பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

நிரந்தர ஆசிரியருக்குக் கீழே இன்னும் படிகள் இருக்கின்றன. ஓவியம், உடற்கல்வி, கணினி கற்பிக்க 2012-இல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய்; பல போராட்டங்களுக்குப் பிறகு 2023-இல் 12,500. அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை 57,700. அதே துறையில் அதே பாடத்தை எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு 2024-இல் உயர்த்திய பிறகும் 25,000. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். முனைவர் பட்டம் பெற்றவர் மே மாதத்தில் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிறார் என்றால், படிப்பு கூலியை உயர்த்தும் என்ற நம் பொதுநம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தனியார் பள்ளி ஆசிரியை இன்னும் கீழே. பி.எட். முடித்து, காலையில் பள்ளி வேனில் பிள்ளைகளோடு ஏறி, மாலையில் அதே வேனில் இறங்குகிறவர். அவர் கூலியைச் சட்டமே வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996-இல் அரியானா அங்கீகாரமற்ற பள்ளிகள் வழக்கில், குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று தீர்ப்பானது. ஆக, பள்ளிக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்த சித்தாளுக்கு அரசு ஒரு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவருக்கு இல்லை. பணிக்கொடையை மட்டும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஆசிரியருக்கு 1997 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு வழங்கியது. பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்துப் போட்ட வழக்கைத் தள்ளி 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஐந்தாண்டு பணி முடித்த எந்தத் தனியார் பள்ளி ஆசிரியையும் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கேட்கலாம். நம் ஊர்களில் இதைத் தெரிந்து கேட்கிறவர்கள் மிகக் குறைவு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்தை எல்லா வேலைகளுக்கும் விரிக்கிறது. இந்த ஆசிரியைகளின் சங்கம் எதையாவது பற்றிக்கொண்டு எழ வேண்டும் என்றால் அது இந்தப் பிரிவாகத்தான் இருக்கும்.

சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் அரசுக்கு வேலை செய்தும் அரசு ஊழியராக முழுதும் எண்ணப்படாதவர்கள். சிறப்புக் காலமுறை ஊதியம் என்று அவர்களுக்குத் தனி ஏணி: அங்கன்வாடிப் பணியாளருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் தொடக்க அடிப்படை 7,700, சமையலருக்கு 4,100, சமையல் உதவியாளருக்கு 3,000. ஓய்வுக்குப் பின் சிறப்பு ஓய்வூதியம் 2025-இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. இந்த மாவட்டத்தின் மலைக் கிராமங்களில் குழந்தைகளின் எடையைப் பார்த்துக் குறித்து வைப்பவரும், மதியச் சோறு ஆக்கிப் போடுபவரும் இவர்களே.

பால் மாடு வைத்திருப்பவரின் கணக்கு வேறு வகை. ஆவின் பசும்பாலுக்கு 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் நிர்ணயித்தது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்தது. இரண்டு மாட்டில் நாளுக்கு 15 லிட்டர் ஊற்றினால் 570 ரூபாய். தவிடு, புண்ணாக்கு, தீவனம் போகத்தான் மிச்சம். மாடு சினைப்பட்டுப் பால் வற்றிய மாதங்களில் தீவனச் செலவு மட்டும் நிற்காது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது பாலக்கோட்டு விவசாயி கோடீஸ்வரர் ஆனதுபோல் பேசினார்கள். பறிகூலிக்கே விலை வராமல் காட்டிலேயே விட்டுவிட்ட பருவங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அவர் வருமானம் என்னவென்று சொல்ல முடியும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, குரூப் 4 தேர்வுக்கு 2025-இல் 13.89 லட்சம் பேர் விண்ணப்பித்ததில் வியப்பு இல்லை. அறிவிக்கப்பட்டபோது இருந்த இடங்கள் 3,935. ஓர் இடத்துக்கு 353 பேர். ஸ்மித்தின் ஐந்தாவது காரணம் இங்கேதான் பொருந்துகிறது. வெற்றி வாய்ப்பு குறைவான தொழில்களில் இளைஞர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்றார் அவர். ஆனால் நம் பிள்ளைகள் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் எழுதுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்தால் வரும் வாழ்வுக்கும் கிடைக்காவிட்டால் வரும் வாழ்வுக்கும் இடையிலான பள்ளம் அவ்வளவு ஆழம் என்பதால், முந்நூறில் ஒரு வாய்ப்புக்கும் நான்கு ஆண்டுகளைக் கொடுக்கத் துணிகிறார்கள். அந்த நான்கு ஆண்டில் இழக்கும் கூலியும் அனுபவமும் யார் கணக்கிலும் வருவதில்லை. பயிற்சி மையங்கள் தேறியவர்களின் படத்தைத் தட்டியில் போடுகின்றன. தேறாமல் இருபத்தெட்டு வயதில் முதன்முறையாகக் கம்பெனி பஸ் ஏறுகிறவர், பதினெட்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து பயிற்சியாளராகத் தொடங்குகிறார்.

இந்தப் பள்ளத்தைக் குறைக்க அரசு ஊழியரின் விடுப்பையும் ஓய்வூதியத்தையும் வெட்டுவதே வழி என்று சொல்லும் குரல்கள் அவ்வப்போது எழுகின்றன. அவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த விடுப்பும் ஓய்வூதியமும் ஒரு மனிதருக்கு அவசியமானவை என்று சமூகம் ஒப்புக்கொண்டதன் சான்று அவை. எஞ்சியவர்களுக்கு அவற்றை எப்படி எட்ட வைப்பது என்பதே என் அக்கறை. பென்னாகரத்துக் கட்டடத் தொழிலாளரின் விஷயத்தில் பணம் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கட்டட உரிமையாளர் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்கு வரியாகச் செலுத்த வேண்டும் என்பது 1996 முதல் சட்டம். பெங்களூரில் எழும் ஒவ்வொரு அடுக்குமாடியின் வரியும் கர்நாடக நலவாரியத்துக்குப் போகிறது. அந்த அடுக்குமாடியில் சென்ட்ரிங் அடித்தவரும் பூச்சு வேலை செய்தவரும் தருமபுரிக்காரர். அவர் பதிவு செய்திருந்தால் பெரும்பாலும் தமிழ்நாட்டு வாரியத்தில்தான். 1994-இல் அமைந்த அந்த வாரியம் அறுபது வயதுக்குப் பின் தரும் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். கர்நாடகத்தில் பதிய, அங்கே ஆண்டுக்கு 90 நாள் வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் இருக்கும் வருகைக் குறிப்பு ஆதாரமாகாது. உழைப்பு ஒரு மாநிலத்தில், பதிவு இன்னொரு மாநிலத்தில், பணம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

விபத்திலும் இதே சிக்கல். ஊழியர் இழப்பீட்டு விதிகளின்படி 30 வயதில் வேலையின்போது இறந்தவரின் குடும்பத்துக்கு, மாதக் கூலி 15,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், 7,500-ஐ 207.98 என்ற காரணியால் பெருக்கி 15,59,850 ரூபாய் தர வேண்டும். சாவு வீட்டில் பேசி முடிக்கப்படும் தொகை இதற்கு அருகில்கூட வருவதில்லை. யார் முதலாளி என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லாததே காரணம். 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தரச் சொன்னது. நடைமுறையில் அதை வாங்கியவர்கள் அரிது. புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்தப் படி எழுத்திலும் இல்லாமல் போயிற்று.

அதே தொகுப்புச் சட்டத்தில் பயன்படுத்தத்தக்க ஒரு பிரிவும் இருக்கிறது. புலம்பெயர்ந்த கட்டடத் தொழிலாளி எந்த மாநிலத்தில் வேலை செய்கிறாரோ அந்த மாநிலத்து வரி நிதியிலிருந்து பலன் பெற அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளம் அமைப்புசாராத் தொழிலாளிக்கு நாடு முழுதும் செல்லும் ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணை ஏற்கெனவே தருகிறது. மேஸ்திரி தன் ஆட்களின் எண்ணையும் வேலை நாளையும் கட்டட உரிமையாளரின் வரிக் கணக்கோடு சேர்த்துப் பதிய வேண்டும் என்று விதித்தால் 90 நாள் ஆதாரம் தானே உருவாகிவிடும். இதற்குத் தமிழக, கர்நாடகத் தொழிலாளர் துறைகள் இரண்டும் ஓர் உடன்படிக்கை செய்ய வேண்டும். பதிவு மையத்தையும் ஆட்சியர் அலுவலகத்தில் வைக்காமல் பென்னாகரம், அரூர், பாலக்கோடு பஸ் நிலையங்களில், ஞாயிறு மாலை பெங்களூர் பஸ்ஸுக்கு ஆட்கள் மூட்டையோடு வந்து நிற்கும் நேரத்தில் திறந்து வைக்க வேண்டும்.